இது மேத்ஸ் பேப்பராச்சே மேடம்! – ஒரு கைடுஷிப் அனுபவம்

ஒருவழியாக கைடுஷிப் ஆர்டர், அதாவது பிஎச்.டி. வழிகாட்டியாக இருக்கப் பல்கலைக்கழகம் தரும் அனுமதி, கைக்கு வந்துவிட்டது. இனி பிஎச்.டி. மாணவர்களை எடுக்கலாம், இணைப் பேராசிரியர் என்பதால் ஒரே நேரத்தில் 6 பேர் வரை. கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் கணினி அறிவியல் துறையில் இருக்கிறேன். ஆராய்ச்சி முழுக்க கிராஃப் தியரியும் (புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் பற்றிய கணிதம்) நெட்வொர்க் அல்காரிதங்களும். இந்தக் கூட்டணிதான் வினையாகிப் போனது. என்னைப் போல இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர்கள் நம் பக்கத்தில் இன்னும் சிலர் இருப்பீர்கள், உங்களுக்காகத்தான் இது. பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆரல்வாய்மொழி தாண்டி அடுத்த மாவட்டத்துக்குப் போக வேண்டும், அவ்வளவு போதும்.

விண்ணப்பம், கட்டணம், பிரின்சிபாலின் தடையின்மைச் சான்று எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 நவம்பரில் கொண்டுவந்த பிஎச்.டி. விதிகளின்படி பேராசிரியருக்கும் இணைப் பேராசிரியருக்கும் குறைந்தது 5 கட்டுரைகள் வேண்டும். உதவிப் பேராசிரியர் என்றால் 3. என்னிடம் அதற்கு மேலேயே இருந்தன. சீக்கிரம் ஆர்டர் வந்துவிடும் என்று நம்பி, குளச்சலில் இருந்து வரும் ஒரு மாணவியிடம் டாபிக் வரை பேசி வைத்திருந்தேன்.

வந்தது மெமோ. "இணைக்கப்பட்ட கட்டுரைகளில் பெரும்பாலானவை கணிதப் பாடம் சார்ந்தவை. தகுந்த விளக்கத்துடன் மீண்டும் சமர்ப்பிக்கவும்." அவ்வளவுதான். எந்தக் கட்டுரை, என்ன விளக்கம், யாருக்கு எழுத வேண்டும், ஒன்றும் இல்லை.

நேரில் கேட்டால்தான் தெரியும் என்று போனேன். செக்‌ஷனில் இருந்தவர் ஃபைலின் டேகைக் கழற்றி, கட்டுரைகளின் முதல் பக்கங்களை மட்டும் உருவி எடுத்தார். ஆள்காட்டி விரலை இதழின் பெயர்மேல் வைத்து மெதுவாக நகர்த்தினார். 'மேத்தமேடிக்ஸ்' என்ற சொல் தட்டுப்பட்டால் தாள் இடது பக்கம் போகும், தட்டுப்படாவிட்டால் வலது பக்கம். சுருக்கம், தலைப்பு எதையும் பார்க்கவில்லை. 'டிஸ்கிரீட் அப்ளைடு மேத்தமேடிக்ஸ்' போன்ற இதழ்களில்தான் எங்கள் ஆட்கள் அல்காரிதம் எழுதுவார்கள். இடது பக்கம் ஏறிக்கொண்டே போனது.

"பாருங்க, இது மேத்ஸ் பேப்பராச்சே மேடம். நீங்க சிஎஸ்ல்லா?"

"சார், உள்ளே இருக்கிறது அல்காரிதம்தான். வயர்லெஸ் நெட்வொர்க்குக்கு."

"உள்ள என்ன இருக்குன்னு நாங்க எப்படிப் பாக்க? பேரைத்தான் பாப்போம்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் குமாஸ்தா. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தானே ஒரு ஸ்க்ரூட்டினி கமிட்டி இருக்கிறது? மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவர்கூட இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை. என் கோபம் அவர்கள்மேல்தான், இன்னும் ஆறவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். குறும்பாதைக்கான டைக்ஸ்ட்ராவின் அல்காரிதம் இல்லாமல் நெட்வொர்க் பாடமே இல்லை. ரவுட்டர்களில் ஓடும் ஓஎஸ்பிஎஃப் என்ற வழி தேடும் நெறிமுறை அதைத்தான் நம்பியிருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, பேனாவோ பேப்பரோ இல்லாமல் இருபது நிமிடத்தில் யோசித்தது என்று டைக்ஸ்ட்ராவே சொல்லியிருக்கிறார். அதை 1959-இல் மூன்று பக்கக் கட்டுரையாக வெளியிட்டது 'நியூமரிஷே மேத்தமேடிக்' என்ற இதழ். போச்சு, இடது பக்கம். எல்லாப் புள்ளிகளையும் குறைந்த செலவில் இணைக்கும் ஸ்பேனிங் ட்ரீயைத் தேடும் குருஸ்கலின் அல்காரிதம் 1956-இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. ஃபோர்டும் ஃபல்கர்சனும் அதே ஆண்டு நெட்வொர்க் ஃப்ளோவைப் (ஒரு வலையின் வழியே எவ்வளவு கடத்தலாம் என்பதைப்) பற்றி எழுதியது கனடியக் கணித இதழில். எல்லாம் இடது பக்கம். ஆனால் காக்கெயினும் ஹெடெட்னியெமியும் டாமினேஷன் (மற்ற எல்லாப் புள்ளிகளுக்கும் பக்கத்தில் இருக்கும்படி சில புள்ளிகளைத் தேர்வது) பற்றி 1977-இல் எழுதிய கட்டுரை, சுத்தமான கிராஃப் தியரி. அது வந்த இதழின் பெயர் 'நெட்வொர்க்ஸ்'. அதனால் அது மட்டும் கணினி அறிவியல்! இந்தக் கணக்கை கவரிங் லெட்டரில் எழுதித்தான் பார்த்தேன். பிறகு கிழித்துப் போட்டேன். அந்த மேசையில் கிண்டல் செல்லாது.

என் வேலை என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எரிச்சல் புரியும். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. மரமும் மின்கம்பமும் சாய்ந்து எங்கள் பக்கத்தில் பல நாள் கரண்ட் இல்லை, போனும் சரியாகக் கிடைக்கவில்லை. கடலுக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் கடற்கரை ஊர்களில் ஜனங்கள் தவித்ததைப் பார்த்தவர்களுக்கு, தொடர்பு அறுந்து போவது என்றால் என்னவென்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வலையில் எந்த ஒரு கணு (இணைப்புப் புள்ளி) விழுந்தால் மொத்தமும் இரண்டாகப் பிரியும் என்பதைக் கண்டுபிடிக்க டார்ஜன் என்ற கணினி அறிஞர் 1972-லேயே நேர்கோட்டு நேரத்தில், அதாவது வலையின் அளவுக்கு ஏற்ற விகிதத்தில் மட்டுமே நேரம் எடுத்து, ஓடும் வழி கொடுத்துவிட்டார். நான் எடுத்துக்கொண்டது அடுத்த கேள்வி. செய்தியைக் கடத்த முதுகெலும்பு மாதிரி சில கணுக்களை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற ஒவ்வொரு கணுவும் அவற்றில் ஒன்றுக்காவது பக்கத்தில் இருக்க வேண்டும். தேர்ந்தெடுத்தவை தமக்குள்ளும் தொடர்பில் இருக்க வேண்டும். அதில் ஒன்று விழுந்தாலும் மீதி அறுந்துவிடக் கூடாது. இந்தத் தொகுப்பை எவ்வளவு சிறிதாக எடுக்கலாம்? மிகச் சிறியதைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பது என்பி-கடினம் (எப்போதும் வேகமாக முடிக்கும் வழி யாருக்கும் தெரியாத வகை) என்பதால், அதற்கு நெருக்கமாக வரும் அல்காரிதம் எழுதி, எவ்வளவு நெருக்கம் என்று நிரூபிக்க வேண்டும். நிரூபணம் இருப்பதால் கணித இதழ் போடும். கணிதத் துறையில் இருக்கும் தோழியிடம் காட்டினால், "இதுல புரோகிராம் வருதே, எங்க ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க" என்கிறாள்.

சரி, விளக்கக் கடிதம் தயார் செய்துகொண்டு மறுபடி போனேன். அது டிசம்பர் 3. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு நம் மாவட்டத்தில் மட்டும் உள்ளூர் விடுமுறை. அங்கே வேலை நாள். லீவு போடாமல் வேலையை முடிக்கலாம் என்று கணக்கு. அன்றைக்குத்தான் செக்‌ஷனில் புதிதாக ஒன்று சொன்னார்கள்: இணைப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் பிரின்சிபால் கையெழுத்தும் சீலும் வேண்டும். மெமோவில் அது இல்லை, போனில் கேட்டபோதும் சொல்லவில்லை. கல்லூரியோ பூட்டிக் கிடக்கிறது. வெறுங்கையோடு திரும்பினேன். உள்ளூர் விடுமுறைக்கு ஈடாக நமக்கு ஒரு சனிக்கிழமை வேலை நாள் வரும். அன்று அவர்களுக்கு விடுமுறை! நவம்பர் 1-ம் இதே கதைதான். 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளில் நமக்கு லீவு, அவர்களுக்கு இல்லை. இரண்டு பக்கமும் திறந்திருக்கும் நாளாகப் பார்த்துக் கிளம்புங்கள். பிரின்சிபால் ஊரில் இருக்கிறாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பயணத்தில் கிடைத்த ஒரே லாபம் அட்டெண்டர் அண்ணாச்சி. படியிறங்கும்போது பின்னாலேயே வந்து, "மேடம், நீங்க எழுதுன விளக்கம் யாரும் படிக்க மாட்டாங்க. பாடத்திட்டக் குழு சேர்மன்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிருங்க. அதைப் பாத்தா இவங்க ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். இந்த வார்த்தையை மெமோவில் போட்டிருந்தால் எனக்கு எவ்வளவு அலைச்சல் மிச்சமாகியிருக்கும்!

சேர்மனிடம் கேட்டால், எதன் அடிப்படையில் லெட்டர் கொடுப்பது என்றார். நியாயமான கேள்வி. அப்போதுதான் ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர் ஒருவரிடம் போனில் புலம்பினேன். அவர் சிரித்துவிட்டு, "முதல் பக்கத்துல கீழே பாரும்மா. வகைப்பாட்டு எண் போட்டிருக்கும். 68-ல ஆரம்பிக்குதா?" என்றார்.

ஓடிப்போய் எடுத்துப் பார்த்தேன். சுருக்கத்துக்குக் கீழே பொடி எழுத்தில்: 05சி69, 68ஆர்10. இத்தனை வருடம் கட்டுரை அனுப்பும்போது நானே தட்டச்சு செய்த எண்கள். 05சி என்றால் கிராஃப் தியரி, அதில் 69 டாமினேஷன் வகையறா. 68 என்பது முழுக்கக் கணினி அறிவியல். 68ஆர்10 என்றால் கணினி அறிவியலில் கிராஃப் தியரி. கணிதக்காரர்கள் தங்கள் இதழ்களுக்காக வைத்திருக்கும் வகைப்பாடே சொல்கிறது, இது கணினி அறிவியல் என்று. இடது பக்கம் போன தாள்களில் பெரும்பாலானவற்றில் அந்த எண் இருந்தது. ஒவ்வொன்றிலும் மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போட்டேன். கணினித் துறையினரின் சங்கமான ஏசிஎம் 2012-இல் வெளியிட்ட கணினித் துறை வகைப்பாட்டிலும் கிராஃப் தியரி தனித் தலைப்பாக இருக்கிறது. அந்தப் பக்கத்தையும் வைத்தேன். கூடவே, அதே பல்கலைக்கழகத்தின் எம்எஸ்சி கணினி அறிவியல் பாடத்திட்டத்தில் குறும்பாதை, ஸ்பேனிங் ட்ரீ எல்லாம் வருகிற பக்கம். சேர்மன் பார்த்தார், லெட்டர் கொடுத்தார். நீண்ட பேச்சு ஒன்றும் இல்லை.

எண் போடாத கட்டுரைகளை வாதாடாமல் பட்டியலில் இருந்தே எடுத்துவிட்டேன். 5 போதும் என்னும்போது சந்தேகமானதை வைத்து எதற்குச் சண்டை? பெருமைக்காக எல்லாவற்றையும் இணைக்காதீர்கள்.

இன்னும் ஒரு முள். அவர்களின் படிவம் பழையது. ஒவ்வொரு கட்டுரைக்கும் யுஜிசி கேர் (யுஜிசி ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியல்) எண் கேட்கிறது. அந்தப் பட்டியலையே 2025 பிப்ரவரியில் யுஜிசி கைவிட்டுவிட்டது; ஆனாலும் கட்டம் காலியாக இருக்கக் கூடாதாம். கட்டுரை ஏற்கப்பட்ட அன்றே பட்டியல் பக்கத்தைத் தேதி தெரியும்படி பிரின்ட் எடுத்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. வீட்டில் இதற்காகக் கேலி செய்வார்கள். அந்தப் பிரின்டுகளை ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தபோது செக்‌ஷன்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "இதெல்லாம் யாரு மேடம் எடுத்து வைப்பா?" என்றார். நீங்களும் எடுத்து வையுங்கள். பட்டியல் போனாலும் இதழின் இணையப் பக்கத்தில் சக ஆய்வாளர் மதிப்பீடு பற்றி எழுதியிருப்பதைச் சேமித்துக்கொள்ளுங்கள், விதி கேட்பது அதைத்தான்.

பெயர் விஷயம்: கல்யாணத்துக்கு முந்தைய கட்டுரைகளில் அப்பா இனிஷியல், பிந்தையவற்றில் கணவர் இனிஷியல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். நாகர்கோவிலில் அரை நாளில் முடிந்தது. புதிதாக ஆராய்ச்சிக்கு வரும் பெண்பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: முதல் கட்டுரையில் என்ன பெயர் போடுகிறீர்களோ கடைசிவரை அதையே போடுங்கள்.

அதன்பிறகு கமிட்டி கூடியது, ஒப்புதல் ஆனது, ஆர்டர் வந்தது. அதில் என் இனிஷியலைத் தப்பாக அடித்திருக்கிறார்கள். "ஒரு நாள் நேர்ல வாங்க மேடம், மாத்திரலாம்" என்கிறார்கள். போவதாக இல்லை. திருத்த மனு, ஆர்டர் நகல், உறுதிமொழிப் பத்திர நகல் மூன்றையும் பிரின்சிபால் சீலோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை ஃபைலில் ஒட்டியிருக்கிறேன். குளச்சல் மாணவியின் பதிவு விண்ணப்பத்தோடு, பழைய இனிஷியல் உள்ள ஆர்டரையே இணைத்துக் கொடுத்தாயிற்று. அதை வாங்கிக்கொண்டார்கள்.