கழுத்து வலிக்காம பைனாகுலர் மாட்டணும்னா

கோத்தகிரி லாங்வுட் சோலைக்குள்ள காலைல ஆறரைக்குப் போனா பத்து மணி வரைக்கும் பைனாகுலர் கழுத்துலயே தொங்கும், என்னோடது 8×42 (எட்டு மடங்கு பெரிசாக் காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ.), 700 கிராம் வரும், கூட வந்த மெல்லிசான பட்டை பின்கழுத்தை அறுத்து அறுத்து சிவக்க வெச்சிடும், வீட்டுக்கு வந்தா தலையைத் திருப்ப முடியாது. அதான் ஹார்னஸ்னு தோள்ல மாட்டுற பட்டை வாங்கினேன்.

வெளிநாட்டுல வேட்டைக்காரங்க நிறைய பேர் மாட்டுற சாமான் இது. நம்ம நாட்டுல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை, நமக்குப் பறவை பாக்கத்தான். ரெண்டு தோள் மேலயும் பட்டை வந்து முதுகுல குறுக்கா சேரும், பாரம் தோளுக்குப் போயிடும். அதைவிடப் பெரிய நிம்மதி, கால்ல ஏறின அட்டையைப் பிடுங்கக் குனியும்போது பைனாகுலர் ஆடிப்போய் முட்டியில டொக்குன்னு இடிக்காது, நெஞ்சோட ஒட்டி நிக்கும்.

வாங்குறப்ப முதுகுல பட்டை சேர்ற இடம் தட்டையா இருக்கான்னு தடவிப் பாருங்க, தோலோ துணியோ பரவால்ல, பிளாஸ்டிக் வளையம்னா மேல பேக் மாட்டினதும் முதுகெலும்புல குத்தும். எலாஸ்டிக் ரொம்பத் தளர்வா இருந்தா நடக்க நடக்கக் குதிக்கும். அளவு வைக்கிறதை ஸ்வெட்டர் போட்டுட்டே வைங்க, வெறும் சட்டை மேல வெச்சா அப்புறம் இறுகிப்போய் கண்ணு வரைக்கும் தூக்கவே வராது.

போன வாரம் புதருக்குள்ள நீலகிரி சிரிப்பான் பறவையோட சத்தம், கையைத் தூக்கினேன், பட்டை வழுக்கிட்டே கூட வந்துச்சு, அந்த வெள்ளைப் புருவமும் செங்கல் நிற வயிறும் அவ்ளோ தெளிவா தெரிஞ்சுது.