உப்புக் காற்றில் பாட்டு கேட்க என்ன வாங்குவது

போனே பாடுகிறது, அப்புறம் தனியாக எம்பி3 பிளேயர் எதற்கு என்று கேட்பவர்கள் மதுரையிலோ சென்னையிலோ இருந்தால் நான் வாதாடுவதில்லை, அவர்களுக்கு வேண்டாம்தான். எங்கள் கரை வேறு. பாம்பனிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ படகு கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் சிக்னல் போய்விடும், போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்னும், சில நேரம் அக்கரை டவரைப் பிடித்துக்கொண்டு இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று மெசேஜ் வேறு வரும். படகில் போனுக்கு வேறு வேலை இருக்கிறது: இடம் பார்க்க, கரை நெருங்கும்போது வீட்டுக்குச் சொல்ல, ராத்திரியில் டார்ச் அடிக்க. அதைப் பாலித்தீன் பையில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றி பத்திரமாக வைத்திருப்பார்கள். பாட்டுக்காக அதைப் பிரித்து, ஈரக்கையால் திரையைத் தேய்த்துத் தேய்த்து, வேறு ஏதோ திறந்து, எரிச்சலாகி மூடி வைப்பதைவிடச் சட்டைப்பையில் பட்டன் வைத்த ஒரு சின்னப் பெட்டி இருந்தால் நிம்மதி.

என் மச்சான் விசைப்படகில் போகிறவர். காலையில் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் படகெல்லாம் வரிசையாகக் கரையில் கிடக்கும்போதுதான் இந்த மாதிரி யோசனைகள் வரும். "மாப்ள, கடல்ல தாங்குற மாதிரி ஒரு பாட்டுப் பெட்டி பாத்துச் சொல்லு, ரொம்ப வெல வேணாம்" என்றார். அவருக்காகத் தேடியதில் சேர்ந்ததுதான் இதெல்லாம்.

கடைக்குப் போகிறவர்கள் எல்லோரும் பிளேயரில் ஆரம்பிக்கிறார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன். முதலில் உங்களிடம் உள்ள பாட்டை அளந்து பாருங்கள், அடுத்து காதில் மாட்டுவதற்குப் பாதிப் பணத்துக்கு மேல் ஒதுக்குங்கள், மிச்சத்தில்தான் பிளேயர்.

அளப்பது சுலபம். எம்பி3 128 கேபிபிஎஸ் (ஒரு வினாடிப் பாட்டுக்கு எத்தனை கிலோபிட் என்ற கணக்கு) என்றால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி. 320 கேபிபிஎஸ் என்றால் 2.4 எம்பி. சிடியிலிருந்து ஒன்றும் குறையாமல் எடுத்த ஃப்ளாக் என்றால் பாட்டைப் பொறுத்து நிமிடத்துக்கு 5, 6 எம்பி. ஆக 5 நிமிடப் பாட்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு 32 ஜிபி கார்டில் 128-இல் ஆறாயிரத்துச் சொச்சம், 320-இல் இரண்டாயிரத்து ஐந்நூறு, ஃப்ளாக்கில் ஆயிரம் ஆயிரத்து நூறு. 2001-இல் முதல் ஐபாட் வந்தபோது அதில் இருந்தது 5 ஜிபி, அதை ஆயிரம் பாட்டு என்று சொல்லித்தான் விற்றார்கள், உலகமே வாயைப் பிளந்தது. இன்றைக்கு விரல்நகம் அளவு கார்டில் அதைப்போலப் பல மடங்கு. அதனால் மச்சானிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பாட்டு மச்சான் உண்மையிலேயே கேட்பீங்க?" என்பதுதான். யோசித்துவிட்டு, "எழுபது எண்பதுகள்ல வந்த சினிமாப் பாட்டு, கொஞ்சம் நாகூர் ஹனிபா, அப்புறம் நாடகம்" என்றார். இதற்கு 32 ஜிபியே தாராளம்.

நாடகம் என்றது கவனிக்க வேண்டிய விஷயம். முதுகுளத்தூர், சாயல்குடி பக்கம் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கிற நாடகத்தை யாராவது ரெக்கார்ட் பண்ணி வைத்திருப்பார்கள், ஒரே ஃபைல், ஆறு மணி நேரம் ஓடும். பேச்சும் ஆர்மோனியமும் மைக் இரைச்சலும் கலந்த அந்த ரெக்கார்டிங்கை 320-இல் வைத்திருப்பதில் ஒரு பிரயோஜனமும் கிடையாது, மோனோவில், அதாவது இரண்டு காதுக்கும் ஒரே ஒலியாக, 64 போதும், ஏறக்குறைய 170 எம்பியில் முடிந்துவிடும். ஆனால் பிளேயர் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். இதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. அணைத்துப் போட்டதும் மறுபடி முதலிலிருந்து பபூன் வருகிற பிளேயரில் நாலாவது மணி நேரத்துத் தர்க்கத்தைத் தேடி பட்டனை அமுக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். மனிதக் காது கேட்பது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, வயது ஏற ஏற அதுவும் குறையும், அட்டையில் உள்ள கிலோஹெர்ட்ஸ் ஒலியை வினாடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறது என்ற கணக்கு, அதில் பாதி வரையுள்ள ஒலி பதியும், சாதாரண சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸே 22 வரை பிடித்துவிடுகிறது. இன்ஜின் சத்தத்துக்கு நடுவில் கேட்கப் போகிறவருக்கு அதற்கு மேல் எதற்கு? இடம்தான் வீணாகும். மூலப் பிரதியை ஃப்ளாக்கில் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கையில் எடுத்துப் போவதற்கு 192 அல்லது 256 கேபிபிஎஸ் எம்பி3 போதும். ஒரு விலக்கு உண்டு. கச்சேரி ரெக்கார்டிங்கை ஆலாபனை, கிருதி, தனி ஆவர்த்தனம் என்று வெட்டி வைத்திருப்பவர்கள் ஃப்ளாக்கிலேயே வைத்துக்கொள்ளலாம், எம்பி3-யின் முன்னும் பின்னும் துளி மௌனம் ஒட்டிக்கொள்ளும், இடைவெளி இல்லாமல் ஓட்டத் தெரியாத பிளேயரில் தனி ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு விக்கல் விழும்.

கார்டு வாங்குவது தனிக் கலை. ஒருமுறை ராமநாதபுரத்தில் ஒரு கடையில் 128 ஜிபி என்று மலிவாகக் கொடுத்த கார்டு, பாட்டெல்லாம் ஏற்றி முடித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஓடவில்லை, பெயர் மட்டும் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. சின்னக் கார்டைப் பெரிய கார்டு மாதிரி காட்டச் சொல்லி ஏமாற்றி வைத்திருப்பார்கள், நிறைந்த பிறகு எழுதுவதெல்லாம் காற்றில். இதைக் கண்டுபிடிக்க எச்2டெஸ்ட்டபிள்யூ என்றும் எஃப்3 என்றும் இலவச மென்பொருள்கள் உண்டு, கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் தெரிந்துவிடும். 128 ஜிபி கார்டு கம்ப்யூட்டரில் 119 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், அது 1000-க்கும் 1024-க்கும் உள்ள கணக்கு வித்தியாசம். அப்புறம், மலிவு பிளேயர்கள் பல 32 ஜிபி வரைதான் எடுக்கும். அதற்கு மேல் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்கிற, ஃபைல்களை அடுக்கும் முறையில் வருவதுதான் காரணம், ஃபேட்32 என்கிற பழைய முறைக்கு மாற்றிப் போட்டால் சிலது பெரிய கார்டையும் படிக்கும். படிக்காவிட்டால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக முடியாது, அட்டையில் 32 என்றுதான் போட்டிருப்பான்.

கார்டைப் பிளேயரில் போட்டு வாங்கும் முன் தமிழில் பெயர் வைத்த ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். பாதிப் பிளேயரில் கட்டம் கட்டமாக வரும். மீதிப் பாதியில் எழுத்து வரும், ஆனால் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும், 'கொ' என்பது க-வுக்குப் பின்னால் கொம்பு தொங்க ஒரு புள்ளி வட்டத்தோடு வரும், படிப்பதற்குள் பாட்டே முடிந்துவிடும். ஆண்ட்ராய்டு வைத்த பிளேயரில் இந்தத் தொல்லை இல்லை, விலைதான் தொல்லை. மச்சானுக்கு நான் ஃபோல்டர்களுக்கு எண் போட்டுக் கொடுத்துவிட்டேன். 1 சினிமா, 2 ஹனிபா, 3 நாடகம்.

சரி, ஹெட்போன். பணத்தைக் கொட்ட வேண்டிய இடம் இதுதான். ஐந்நூறு ரூபாய் இயர்போனை இருபதாயிரம் ரூபாய் பிளேயரில் சொருகினாலும் வருவது ஐந்நூறு ரூபாய் சத்தம்தான். நான் கடையில் சோதிக்கிற முறை ஒன்று உண்டு: நாதஸ்வரக் கச்சேரி போட்டுவிட்டுத் தவிலை மட்டும் கவனிப்பேன். தவிலின் வலந்தலை என்கிற முகத்தில் விரல் கூடு போட்டு அடிக்கிற சுள்ளென்ற சத்தமும் தொப்பி என்கிற மறுமுகத்தில் குச்சி விழுகிற கனமான சத்தமும் தனித்தனியாக, இரண்டு கையின் வேலையாகக் கேட்க வேண்டும். எக்ஸ்ட்ரா பேஸ் என்று எழுதியவற்றில் தொப்பி மட்டும் தும் தும் என்று வீங்கி நாதஸ்வரத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும். ரொம்ப மெல்லிசாகக் கேட்கிறதே, பேஸே இல்லையே என்று தோன்றினால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள், காதில் நுழைகிற சிலிக்கான் மொட்டின் அளவை மாற்றிப் பாருங்கள். பெட்டியில் மூன்று அளவு கொடுப்பார்கள், யாரும் நடுவில் உள்ளதைக் கழற்றுவதே இல்லை. காது சரியாக அடைபடாவிட்டால் கீழ்ஸ்தாயி முழுக்கக் கசிந்து போய்விடும். இரண்டாயிரம் ரூபாய்க்குள்ளேயே ஒயர் வைத்த நல்ல இன்-இயர்கள் இப்போது கிடைக்கின்றன, ஒயர் அறுந்தால் ஒயரை மட்டும் மாற்றிக்கொள்கிற மாதிரி உள்ளதாக எடுங்கள். ஓம் கணக்கு, அதாவது ஹெட்போனின் மின்தடை, 16-லிருந்து 32-க்குள் இருந்தால் எந்தச் சின்னப் பிளேயரும் ஓட்டும். 250, 300 ஓம் ஹெட்போன் வீட்டில் ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்கு.

காதை நன்றாக அடைப்பதில் இன்னொரு நன்மை, சத்தத்தை ஏற்ற வேண்டியதில்லை. இன்ஜின் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டும் என்று எல்லோரும் கடைசிவரை ஏற்றிவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற கணக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும், 90-இல் நாலு மணி நேரத்தில் வாரக் கணக்கே முடிந்தது. வெளி இரைச்சலை மைக்கில் வாங்கி அமுக்குகிற நாய்ஸ் கேன்சலிங் இதற்கு உதவுமே என்றால், பஸ்ஸிலும் ரயிலிலும் உதவும். கச்சான் காற்று அடிக்கிற நேரத்தில் மேல்தளத்தில் போட்டுப் பாருங்கள், வெளியில் உள்ள மைக்கில் காற்று மோதி அதையும் சேர்த்துக் காதுக்குள் படபடவென்று அடிக்கும்.

புளூடூத் பட்ஸ் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் ஒன்று தவறி விழுந்தால் கடலோடு போயிற்று என்பது. இரண்டாவது காரணம் உப்பு. தண்ணீர் தாங்கும் என்பதற்கு ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருப்பது நல்ல தண்ணீரில், ஒரு மீட்டர் ஆழத்தில், அரை மணி நேரத்துக்கான சோதனை. கடல் தண்ணீரைப் பற்றி அது பேசவே இல்லை. எங்கள் பக்கம் தண்ணீரே படாமல் மேசையில் கிடக்கிற சாமானின் மேல் கூட வெள்ளையாக ஒரு பூச்சு பூக்கும், பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். பட்ஸ் பெட்டிக்குள் இருக்கிற சார்ஜ் ஊசிகளில் அந்தப் பச்சை ஏறிவிட்டால் ஒரு பக்கம் சார்ஜ் ஏறாது. ஒயர் வைத்ததில் களிம்பு பிடிப்பது பின்னில், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போச்சு. தங்க முலாம் பூசிய பின்னாக இருந்தால் இன்னும் நல்லது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு துடை, காய்ந்த பிறகே சார்ஜில் போட வேண்டும். உப்பு ஈரம் இருக்கிற ஓட்டையில் கரண்ட் போனால் அரிப்பு பல மடங்கு வேகம் எடுக்கும். மாத்திரை டப்பாவிலும் செருப்புப் பெட்டியிலும் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் ஒரு மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, உள்ளே பிளேயரையும் கார்டையும் வையுங்கள்.

ஒயருக்கு ஆதரவாக இன்னொரு வாதம் எஃப்எம். எஃப்எம் உள்ள பிளேயரில் ஹெட்போன் ஒயர்தான் ஏரியல், புளூடூத்தை மாட்டினால் ரேடியோவே எடுக்காது. எங்களுக்கு ரேடியோ பெரிய விஷயம். பாம்பனில் கடல் ஓசை 90.4 மீனவர்களுக்கென்றே நடக்கிற சமுதாய வானொலி. கொடைக்கானல் 100.5 மலை மேலிருந்து வருவதால் தூரத்துக்கும் வரும். ராத்திரியில் முள்ளை நகர்த்தினால் சூரியன், சக்தி, தென்றல் என்று அக்கரைத் தமிழ் நிலையங்கள் தெளிவாகக் கிடைக்கும், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர் அளவுதானே. காற்று எப்படி, அலை எப்படி என்று தெரிய வேண்டியவர்கள் எஃப்எம் இல்லாத பிளேயரை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

பிளேயருக்கு இப்போது சொல்ல அதிகம் மிச்சமில்லை. ஐபாடை 2022-இல் நிறுத்திவிட்டார்கள், பழசு வாங்கி பேட்டரி மாற்றுகிற பொறுமை உள்ளவர்கள் வாங்கட்டும். வீட்டில் உட்கார்ந்து கேட்க, பணமும் இருக்கிறது என்றால் சோனி வாக்மேன், ஃபியோ, ஹைபி என்று போகலாம், எல்லாம் நல்ல சாமான். படகுக்கு நான் எடுத்தது கிளிப் வைத்த, பட்டன் வைத்த, கார்டு போடுகிற, எஃப்எம் உள்ள மலிவு பிளேயர். திரை சின்னது என்பதால் சார்ஜ் ஒரு போக்குவரத்துக்குத் தாங்குகிறது. கைலி மடிப்பில் கூட நிற்கும். போனால் போகட்டும் என்கிற விலை.

கடைசியில் ஒரு சிக்கல் வந்தது. வலை இழுக்கும்போது இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது, வலையை இழுக்கிற வின்ச் இயந்திரத்தின் பக்கத்தில் யாராவது கத்தினால் கேட்க வேண்டும். அதனால் மச்சான் ஒரு காதில் மட்டும் மாட்டுவார். அந்தக் காலத்து ஸ்டீரியோ பாட்டுகளில் வயலின் எல்லாம் ஒரு பக்கம், குழுவினர் குரல் மறுபக்கம் என்று பிரித்து வைத்திருப்பார்கள், ஒரு காதில் கேட்டால் பல்லவிக்குப் பிறகு வர வேண்டிய வயலின் வரவே வராது. "என்ன மாப்ள, பாட்டுல பாதிய வெட்டிட்டியா?" என்று கேட்டார். போனில் மோனோ ஆடியோ என்று செட்டிங் உண்டு, மலிவு பிளேயரில் கிடையாது. அதனால் அவருடைய சினிமாப் பாட்டு ஃபோல்டரை மட்டும் ஆடாசிட்டி என்கிற ஒலி மென்பொருளில் போட்டு மோனோவாக மாற்றினேன். மோனோவுக்கு 96 கேபிபிஎஸ்ஸே தாராளம் என்பதால் ஃபைல் அளவும் பாதியாகக் குறைந்தது. இப்போது 32 ஜிபி கார்டில் இவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறதே என்று அக்கா அவளுடைய பாட்டுகளை ஏற்றச் சொல்லி ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறாள்.