இடது கை

ஜூன் 11
பி.பி. மெஷினில் மறுபடியும் எர்ரர். அப்பா புது பேட்டரி போட்டார். வலது கையில் 126/82, இடது கையில் எர்ரர். மெஷினைத் திட்டிக்கொண்டே கடையில் மாற்றக் கிளம்பிவிட்டார், இந்த மழையில்.

ஜூன் 13
கொடியில் துணி போடக் கையைத் தூக்கினால் உடனே கடுக்கிறது. தாதர் லோக்கல் ரயிலில் கைப்பிடிக்கு இனி வலது கைதான்.

ஜூன் 17
மாதக்கணக்கில் லேசான காய்ச்சல், எடை குறைவு. டி.பி.யாக இருக்கும் என்றே எல்லாரும் சொன்னார்கள். இன்றைய டாக்டர் பேசாமல் இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடித்தார். இடதை விட்டு, மறுபடி பிடித்தார். காறை எலும்புக்கு மேலே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். “இந்தக் கையில் நாடியே கிடைக்கவில்லையே, யாரும் சொல்லவில்லையா?”

வெளியே வந்ததும் அம்மா: “பொம்பளைக்கு இடது கையிலதான் நாடி பார்க்கணும். ஊர் வைத்தியர்கிட்ட போயிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.” பயங்கரக் கோபம் வந்தது. பதில்தான் வரவில்லை.

ஜூன் 21
சி.டி. ஆஞ்சியோ, ரத்தக்குழாய்களைப் படம் எடுக்க. மருந்து ஏறியதும் உடம்பெல்லாம் சூடு. முன்கூட்டியே சொல்லியிருந்தும் பயந்துவிட்டேன்.

ஜூன் 23
டகயாசு ஆர்ட்டரைட்டிஸ். பெரிய ரத்தக்குழாய்களில் அழற்சி. பெருந்தமனியின் சுவர் தடித்திருக்கிறது, இடது கைக்குப் போகும் கிளை சுருங்கிவிட்டது. பெரும்பாலும் இளம்பெண்களுக்குத்தான் வருமாம். டகயாசு ஜப்பானியக் கண் டாக்டர். ஒரு பெண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் வளையமாகப் பின்னியிருந்ததைப் பார்த்து 1908இல் எழுதியிருக்கிறார். எனக்கு உடனே கண்ணைப் பரிசோதிக்க வேண்டும்போல் இருந்தது.

“ஸ்டென்ட் வைத்துவிடலாமே” என்றார் அப்பா. அழற்சி அடங்காமல் கை வைத்தால் மறுபடி அடைத்துக்கொள்ளும், முதலில் மருந்து என்றார் டாக்டர்.

ஜூன் 24
பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, 40 மி.கி. காலையில், சாப்பிட்ட பிறகு.

ஜூலை 2
இரவு 2:40. தூக்கம் இல்லை, அகோரப் பசி. உப்பைக் குறைக்கச் சொன்னதால் அம்மா ஊறுகாயை ஒளித்துவைத்திருக்கிறாள். அரிசி டின்னுக்குப் பின்னால்.

ஜூலை 9
அழற்சியை அடக்க இன்னொரு மருந்து, மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் போட்டால் ஆபத்து. காலண்டரில் செவ்வாய்க்கிழமைகளையெல்லாம் அப்பா சிவப்பில் சுழித்துவிட்டார். இதைச் சாப்பிடுகிற காலம் முழுக்கக் கர்ப்பம் தரிக்கக்கூடாது. “எத்தனை வருஷம் டாக்டர்?” அம்மா முந்திக்கொண்டாள். நான் கேட்க நினைத்தது வேறு. மாட்டுங்கா மாமி கொடுத்த ஜாதகம் இன்னும் ஃப்ரிட்ஜ் மேலேயே கிடக்கிறது. அம்மா எடுத்து உள்ளே வைக்கவும் மாட்டேன் என்கிறாள், திருப்பிக் கொடுக்கவும் மாட்டேன் என்கிறாள்.

ஜூலை 15
நர்ஸ் மறுபடி இடது கையில் பி.பி. பட்டையைச் சுற்றினாள். வலது, வலது, வலது. நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்ளட்டுமா?

ஜூலை 20
அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, இ.எஸ்.ஆர்., 84இலிருந்து 22. நாடி திரும்புமா என்று டாக்டரிடம் கேட்டேன். சுருங்கிய இடம் அப்படியே இருந்தாலும் பக்கத்துச் சின்னக் குழாய்கள் பெருத்து ரத்தத்தைக் கொண்டுபோகும் என்றார். திரும்பும் என்று சொல்லவில்லை.

ஜூலை 23
நாளையிலிருந்து ஸ்டீராய்டு 35. முகம் உப்பிவிட்டது. மாமி வந்திருந்தாள். “இப்பத்தான் கொஞ்சம் சதை போட்டிருக்கே, லட்சணமா இருக்கு” என்றாள்.