வாக்கர் என்ற பெயரும் ஒரு தொட்டி வெந்நீரும்

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் உள்ள லீட்ஸ் நகரத்துக்குக் குடிவந்த முதல் வருடத்திலேயே எங்கள் தெருவில் மூன்று வாக்கர் குடும்பங்கள் இருப்பதைக் கவனித்தேன். ஒருவருக்கொருவர் சொந்தமில்லை. மகளின் வகுப்பில் இரண்டு வாக்கர், என் அலுவலகத்தில் ஒருவர். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஒருநாள் வேலியோரம் நின்று, "உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். "எங்கள் முன்னோர் நிறைய நடந்திருப்பார்கள் போலிருக்கிறது" என்றார்.

அந்தப் பதிலோடு விட்டுவிட மனம் வரவில்லை. நம் வீடுகளில் அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக வரும், அடுத்த தலைமுறையில் மாறிவிடும். இவர்களுக்கோ ஒரே சொல் அறுநூறு வருடத்துக்கும் மேலாகக் கைமாறி வந்திருக்கிறது. அதன் பொருளைத் தேடுவதையே இந்த வருடத்துப் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டேன். இதுவரை நடந்ததை மாத வாரியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

ஜனவரி

பழைய ஆங்கில அகராதியில்தான் ஆரம்பித்தேன். 'வாக்' என்றால் இன்று நடப்பது. ஆயிரம் வருடத்துக்கு முன் 'வெயல்கன்' என்ற அந்த வினைக்கு உருட்டுவது, புரட்டுவது என்றுதான் பொருள். கடலில் அலை புரள்வதற்கும் அதையே சொன்னார்கள். நடப்பது என்ற பொருள் 13-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் வந்து ஒட்டிக்கொண்டது. 'வெயல்கெரெ' என்பவர் கம்பளித் துணியை ஈரத்தில் போட்டுப் புரட்டிக் கெட்டிப்படுத்தும் தொழிலாளி. ஜெர்மன் மொழியில் 'வால்கன்' என்றால் இன்றைக்கும் அந்த வேலைதான்.

நம் ஊரில் வாக்கர் என்றதும் பலருக்கும் விஸ்கி பாட்டிலில் வீறுநடை போடும் மனிதர் நினைவுக்கு வருவார். 1820-இல் ஸ்காட்லாந்தின் கில்மார்னக்கில் மளிகைக் கடை தொடங்கிய ஜான் வாக்கரின் பெயர் அது. படத்தை டாம் பிரௌன் என்ற ஓவியர் 1908-இல் வரைந்தார். அந்தக் காலத்துக்குள் பெயரின் பழைய பொருள் பொதுமக்கள் நினைவிலிருந்து போய்விட்டது. துணிமேல் ஏறி நடந்ததால்தான் வாக்கர் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். இதில் பாதிதான் சரி என்பது என் எண்ணம். துணியைக் காலால் மிதித்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தச் சொல் நடப்பதைக் குறிக்கத் தொடங்கும் முன்பே தொழிலின் பெயராக இருந்திருக்கிறது.

தொழில் என்னவென்றால், தறியிலிருந்து வந்த புதுக் கம்பளித் துணியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், இழைகளுக்கு நடுவே இடைவெளி தெரியும். அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்ட சிறுநீரும் ஒருவகைக் களிமண்ணும் சேர்த்து, மணிக்கணக்கில் மிதிப்பார்கள். பிசுக்கு போகும், இழைகள் ஒன்றோடொன்று பின்னித் துணி சுருங்கி இறுகும். பிறகு மரச்சட்டத்தில் கொக்கி மாட்டி இழுத்துக் காயவைப்பார்கள். மனம் பதைத்துக் காத்திருப்பவரை 'டென்டர்ஹுக்'கில் தொங்குவதாக ஆங்கிலத்தில் சொல்வது அந்தக் கொக்கிகளை வைத்துத்தான்.

இதே வேலை செய்தவருக்கு இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஃபுல்லர் என்று பெயர். அது லத்தீன் 'ஃபுல்லோ'விலிருந்து வந்தது. தென்மேற்கில் டக்கர். அதன் மூலமான 'தூகியன்' என்ற வினைக்குத் துன்புறுத்துவது என்று பொருள். நாமும் ஒருவனை அடித்து நொறுக்கினால் துவைத்து எடுத்துவிட்டான் என்கிறோம் இல்லையா? துணிக்கும் அடிக்கும் ஒரே சொல்லை வைப்பது இரண்டு மொழிக்கும் இயல்பாக இருந்திருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விக்லிஃப் குழுவினர் ஆங்கிலமாக்கிய விவிலியத்தில், மாற்கு 9-ஆம் அதிகாரத்தில், ஃபுல்லர் என்று எழுதிவிட்டுக் கூடவே 'அல்லது துணி வாக்கர்' என்று சேர்த்திருக்கிறார்கள். ஒரு சொல் எல்லா ஊருக்கும் புரியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் துணி வெளுப்பவர் வருகிறார்.

பிப்ரவரி

இந்த மூன்று பெயர்களையும் வரைபடத்தில் போட்டுப் பார்க்க ஆசை வந்தது. அதற்கு 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டேன். பிரிட்டன் முழுதும் சுமார் 3 கோடிப் பேர், தன்னார்வலர்கள் எழுத்துக்கு எழுத்து படியெடுத்துத் தேடக்கூடிய வடிவில் கிடைக்கிறது. ரயில் வந்து மக்கள் இடம்பெயரத் தொடங்கிவிட்ட காலம்தான் என்றாலும் பெரும்பாலான பெயர்கள் இன்னும் பழைய மண்ணிலேயே அடர்த்தியாக இருந்தன.

முதல் வரைபடம் முழுத் தவறு. நம் மாவட்டம் போன்ற ஒவ்வொரு கவுண்டியிலும் எத்தனை பேர் என்று எண்ணி நிறம் தீட்டினேன். லண்டன் எல்லாப் பெயருக்கும் கறுத்துக்கொண்டு வந்தது. காரணம் எளிது, அங்கே ஆட்கள் அதிகம். எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுத்து, 10,000 பேருக்கு எத்தனை என்று மாற்றினேன். ஒரு வாரம் மாலை நேரம் எல்லாம் எக்செல்லிலேயே போனது.

இன்னொரு தவறு ஒலியை நம்பியது. ஃபுல்ச்சர் என்பதை ஃபுல்லரோடும், வேக்கர் என்பதை வாக்கரோடும் சேர்த்துவிட்டேன். ஃபுல்ச்சர் ஒரு பழைய ஆள்பெயரிலிருந்து வந்தது, வேக்கர் என்றால் காவல் விழித்திருப்பவர். இரண்டையும் நீக்கினேன். சேர்க்க வேண்டியவையோ விட்டுப்போயிருந்தன. தெற்கில் ஃபகரத்தை வகரமாக உச்சரிக்கும் வழக்கத்தால் பிறந்த வோலர், டக்கரின் மறுவடிவமான டூக்கர். நியூகாசிலில் வாக்கர் என்றே ஓர் ஊரும் இருக்கிறது. ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரோரச் சதுப்பு என்பது அதன் பொருள். சில குடும்பங்களுக்குப் பெயர் அங்கிருந்தும் வந்திருக்கலாம் என்பதால் ஓரத்தில் குறித்து வைத்தேன்.

மூன்றாவது வரைபடத்தைத் திரையில் பார்த்தபோது நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டேன். சஸெக்ஸ், கென்ட், சஃபோக், நார்ஃபோக் எல்லாம் ஃபுல்லர். டெவன், சாமர்செட், கார்ன்வால் டக்கர். யார்க்ஷயர், டார்பிஷயர், டரம் என்று வடக்கே ஸ்காட்லாந்து வரை வாக்கர். ஐந்நூறு அறுநூறு வருடத்துக்கு முந்தைய பேச்சுவழக்கின் எல்லை, விக்டோரியா காலத்து முகவரிகளில் அப்படியே பதிந்து கிடந்தது. டக்கர் நாட்டுக்குச் சான்றாக ஊர்களும் உண்டு. கார்ன்வாலில் டக்கிங்மில், எக்ஸிட்டர் நகரத்தில் நெசவாளரும் துணி மிதிப்போரும் 1471-இல் எழுப்பிய டக்கர்ஸ் ஹால். வேல்ஸில் தந்தை பெயரே குடும்பப் பெயரானதால் தொழிற்பெயர்கள் குறைவு. ஆனால் துணி மிதிக்கும் ஆலைக்கு வெல்ஷ் மொழியில் 'பாண்டி'. டோனிபாண்டி என்ற ஊர்ப் பெயரில் அது நிற்கிறது.

மார்ச்

எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் டெம்பிள் நியூசம். இன்று பெரிய மாளிகையும் பூங்காவும். 1185-இல் டெம்ப்ளர் என்ற துறவி வீரர்கள் தங்கள் சொத்துகளைக் கணக்கெடுத்தபோது, இங்கே தண்ணீரால் ஓடிய துணி மிதிக்கும் ஆலை ஒன்றைப் பதிந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் இவ்வகை ஆலைக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஆவணங்களில் அது ஒன்று. நீர்ச்சக்கரம் சுழல, இரண்டு மரச் சம்மட்டிகள் மாறி மாறித் துணியை இடிக்கும். காலுக்கு வேலை போயிற்று, பெயர் மட்டும் தங்கிவிட்டது. தரையில் அந்த ஆலையின் அடையாளம் எதையும் நான் பார்க்கவில்லை. ஓடைக்கரையில் அரைமணி நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

சம்மட்டி எப்படி இருக்கும் என்று பார்க்க ஆர்ம்லி மில்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1805-இல் தீப்பிடித்த பின் பெஞ்சமின் காட் திரும்பக் கட்டிய கம்பளி ஆலை அது. படத்தில் சின்னதாகத் தெரிந்த சம்மட்டி, நேரில் ஓர் ஆள் கனத்துக்கு இருக்கிறது.

ஏப்ரல்

படித்தது போதும், மிதித்துப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தேன்.

கம்பளி நூலில் தளர்வாக நெய்த துணி வாங்கி, 50-க்கு 50 சென்டிமீட்டர் அளவில் மூன்று துண்டு வெட்டினேன். இயந்திரத்தில் துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்திய கம்பளி இதற்கு உதவாது. களிமண்ணுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலத்தில் 'ஃபுல்லர்ஸ் எர்த்' என்று தொழிலின் பெயரையே தாங்கி நிற்கும் மண், நம் கடைகளில் முகத்துக்குப் பூச விற்கும் முல்தானி மிட்டிதான்! அம்மா ஊரிலிருந்து அனுப்பிய பாக்கெட் அலமாரியிலேயே இருந்தது. ஒரு காலத்தில் இங்கிலாந்து தன் கம்பளித் தொழிலைக் காக்க இந்த மண்ணை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை போட்டிருந்தது. சர்ரேயின் நட்ஃபீல்ட் பக்கம் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

முதல் துண்டை மண் கரைத்த வெந்நீரில் போட்டு அரைமணி மிதித்தேன். பிசுக்கு போனது, சுருக்கம் ஒன்றும் தெரியவில்லை. மண்ணின் வேலை எண்ணெயை உறிஞ்சுவது. இழைகளைப் பின்னவைப்பது சூடும் ஈரமும் உராய்வும். கம்பளி இழையின் மேல் செதில்கள் உண்டு. அவை விரிந்து ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டால்தான் துணி இறுகும். அப்புறம் அந்த மண் தண்ணீரைக் குளியலறையில் ஊற்றி, சாக்கடைக் குழாய் அடைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போனது. அடுத்த முறையிலிருந்து தோட்டத்தில்தான்.

இரண்டாவது துண்டுக்குச் சோப்பு சேர்த்து, தண்ணீர் ஆறும்போதெல்லாம் மாற்றி ஒரு மணி நேரம். ஒரே இடத்தில் நின்று மிதித்ததால் நடுவில் இறுகி, ஓரங்கள் தளர்ந்து தொப்பி போலக் குழிந்துவிட்டது. பழைய சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது அப்போதுதான். மிதித்தால் மட்டும் போதாது, விடாமல் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உருட்டுவது, புரட்டுவது என்று அகராதி சொன்னது அதைத்தான்.

மூன்றாவதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மடித்துப் புரட்டி மிதித்தேன். மனைவியும் மகளும் மாற்றி மாற்றி வந்து உதவினார்கள். ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளில் அந்தக் காலத்தில் பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஈரத் துணியை அடித்துக்கொண்டே 'கேலிக்' என்ற தங்கள் மொழியில் பாடினார்கள்; அந்தப் பாட்டுகளுக்கே தனி வகைப்பெயர் உண்டு. எங்களுக்கு அவை தெரியாது, மகள் நாற்று நடும் பாட்டு ஒன்றை ஓடவிட்டாள். தாளம் இருந்தால் கால் ஓய்வதில்லை. இரண்டு மணி நேரத்துக்குப் பின் அளந்தேன். 41-க்கு 42 சென்டிமீட்டர். நெசவின் கட்டம் மறைந்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை எதுவும் இல்லை. மேலே விட்ட தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. மறுநாள் என் கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இருந்தன. இதை ஒரு நாள் முழுக்க, வருடம் முழுக்க, சிறுநீர்த் தொட்டியில் நின்று செய்தவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

மே

பெயர் கடல் தாண்டிய கதையைக் கொஞ்சம் பார்த்தேன். 1620-இல் மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்காவுக்குப் போன எட்வர்ட், சாமுவேல் ஃபுல்லர் சகோதரர்கள் நார்ஃபோக்கின் ரெடன்ஹாலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், என் வரைபடத்தின் ஃபுல்லர் நாட்டுக்குள்ளேயே வருகிறார்கள். சாமுவேல் பிளிமத் குடியேற்றத்தின் வைத்தியர். வர்ஜீனியாவில் கேப்டன் வில்லியம் டக்கர் வீட்டில் 1625-ஆம் வருடக் கணக்கில் ஆன்டனி, இசபெல் என்ற ஆப்பிரிக்கர்களும் வில்லியம் என்ற அவர்கள் குழந்தையும் இருக்கிறார்கள். அந்தக் குழந்தையை வில்லியம் டக்கர் என்றே பின்னாளில் நினைவுகூர்கிறார்கள். அடிமை முறை 1865-இல் ஒழிந்த பிறகு, விடுதலையான மக்களில் பெரும்பாலோர் பெயரோடு பதிவானது 1870 கணக்கெடுப்பில்தான். இன்று அமெரிக்காவில் வாக்கர் என்று பெயர் தாங்கும் கறுப்பினக் குடும்பங்கள் ஏராளம். யார்க்ஷயரில் ஒரு தொட்டியில் பிறந்த பெயர், யாரும் விரும்பிக் கேட்காத வழியிலும் பரவியிருக்கிறது.

தெருவில் உள்ள வாக்கர் எல்லோரும் ஒரே வேரா என்று பெரியவர் கேட்டார். இருக்க வாய்ப்பில்லை என்றேன். டூரி கிங், மார்க் ஜாப்லிங் என்ற லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் 40 பிரிட்டிஷ் குடும்பப் பெயர்களை ஆண்வழி மரபணுவோடு ஒப்பிட்டார்கள். அரிய பெயர்க்காரர்கள் பலர் ஒரே மூதாதையிடம் போய்ச் சேர்ந்தார்கள். ஸ்மித் போன்ற பொதுப் பெயரில் அப்படி இல்லை. துணி மிதித்த ஒவ்வொரு ஊரிலும் ஒரு வாக்கர் தனியாக முளைத்திருப்பார். 1379 தலைவரிப் பட்டியலில் யார்க்ஷயர் மேற்குப் பகுதியைப் புரட்டினால், வாக்கர் என்ற பெயரில் சாதாரண 4 பென்ஸ் கட்டியவர்களும் உண்டு, கைத்தொழிலாளருக்கான 6 பென்ஸ் கட்டியவர்களும் உண்டு. தொழில் செய்யாதவரிடமும் பெயர் ஒட்டத் தொடங்கிவிட்டது என்று இதிலிருந்து நினைக்கத் தோன்றுகிறது. 1400 வாக்கில் இங்கிலாந்தில் பெரும்பாலோருக்குப் பரம்பரைப் பெயர் வந்துவிட்டது.

இப்போது பெரியவரின் சொந்த வழியைப் பின்னோக்கிப் பிடித்துப் போகிறேன். 1881-இலிருந்து 1851 வரை சிரமமில்லை, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள். 1841-இல் தடம் மாறிவிட்டேன். அந்தக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், பிறந்த ஊரையும் குறிக்கவில்லை. இரண்டு வாரம் வேறொரு குடும்பத்தின் பின்னால் போனேன். 1851 கணக்கெடுப்பில் எந்தத் தேவாலய வட்டாரத்தில் பிறந்தார் என்று எழுதியிருப்பதால் திரும்பி அங்கிருந்து தொடங்கினேன். டியூஸ்பரி பக்கத்துக் கிராமம்.

மிதித்த மூன்றாவது துண்டைப் பெரியவரிடம் கொடுத்தேன். விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, கதவருகே ஆணியில் மாட்டியிருக்கிறார். அவருடைய வழியில் 1790-களில் அதே தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற ஜான் வாக்கர்கள் மூன்று பேர். ஒருவர் இரண்டு வயதில் இறந்ததை அடக்கப் பதிவேட்டில் போன வாரம் பார்த்தேன். இன்னும் இருவர் இருக்கிறார்கள்.