குதிக்கால் வலியும் பழைய சாரமும்

பிளாண்டர் ஃபஸைட்டிஸ், அதாவது உள்ளங்கால் நாண் நொந்து வரும் குதிக்கால் வலி, முக்கால்வாசி அடங்கிவிட்டது. காலையில் கட்டிலால் இறங்கி வைக்கும் முதல் அடி இப்போது ஊசியாய்க் குத்துவதில்லை.

ஐஸ் போத்தலை உருட்டுவது, டெனிஸ் பந்தை மிதிப்பதெல்லாம் அந்த நேரத்துக்கு இதம், அவ்வளவுதான். டவுனில் ஒரு கடையில் வாங்கிய சிலிக்கன் பாட் ஒரு மாதம்கூடத் தாங்காமல் சப்பையாகிவிட்டது, விலையைச் சொன்னால் வயிறெரியும். கைகொடுத்தது 2014இல் வெளியான டென்மார்க் ஆய்வின் முறைதான்: கால்விரல்களுக்கு அடியில் துவாயைச் சுருட்டி வைத்து, படியில் ஒற்றைக்காலில் குதிக்காலைத் தூக்கி இறக்குவது. 3 செக்கன் ஏற்றம், 2 செக்கன் நிறுத்தம், 3 செக்கன் இறக்கம், ஒருநாள் விட்டு ஒருநாள்.

படுத்தியது அந்தச் சுருள்தான். குளிக்கும் துவாய் பாரம் ஏறியதும் நசிந்துவிடும். விரல்கள் மேல்நோக்கி நன்றாக வளைந்து நின்றால்தான் உள்ளங்கால் நாண் இழுபடும். நசிந்த பிறகு செய்வது வெறும் கெண்டைக்கால் பயிற்சி. கடைசியில் பழைய சாரம் (லுங்கி) ஒன்றை இறுக்கிச் சுருட்டி, இரு முனையிலும் றப்பர் பாண்ட் போட்டேன். கல்லுமாதிரி நிற்கிறது. விரல்கள் மட்டுமே அதன்மேல் இருக்கவேண்டும். முன்பாதமும் ஏறினால் விரல் வளையாது. சிவப்புச் சீமெந்துப் படியில் வழுக்கும், அடியில் றப்பர் விரிப்புத் துண்டு போடுங்கள்.

கூட ஓடும் தம்பி ஒருவனுக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. "அண்ணே, எக்ஸ்ரேயில ஒண்டுமில்லையாம், ஓடவா?" என்றான். உள்விளிம்பு நெடுக, ஒரு சாண் அளவுக்குப் பரவலாக நொந்தால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட், ஓட்டம் கூடியதால் வரும் முன்னெலும்பு நோவு. ஓட்டத்தைக் குறைத்தாலே தணியும். அவன் விரல் நுனியால் ஒரே புள்ளியைக் காட்டுகிறான், ஒற்றைக்காலில் துள்ளினால் அதே இடம்தான் உயிர்போகிறது. எலும்பில் கீறல் இருந்தாலும் ஆரம்ப எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். ஓடாதே, திரும்ப டொக்டரிடம் போ என்று அனுப்பிவிட்டேன். அங்கே சாரம் உதவாது.

எனக்கு அடுத்தது, திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில்வரை அந்த ஏற்றம். ஏற்றம் குதிநாணை இழுக்கும், உப்புவெளி மணலில் வெறுங்காலோட்டம் இன்னும் மோசம், அதனால் இப்போதைக்கு டச்சு பே ஓரத்துத் தட்டை வீதிதான். அதற்குள் முதுகுப்பையில் அரிசிப் பைக்கற் ஏற்றிப் பயிற்சியைப் பாரமாக்கவேண்டும். பையின் வார் ஒன்று பிய்ந்து கிடக்கிறது, முதலில் அதைத் தைக்கவேணும்.