ஹட்செப்சுட்: விகுதியில் இடறும் நாவல்

பண்டைய எகிப்தில் அரசனாகவே முடிசூடி ஆண்ட பெண் ஹட்செப்சுட்டை வைத்து நாவல் எழுத உட்காருபவர் கதைச்சுருக்கத்தில் தொடங்கினால் பாதியில் சிக்கிக்கொள்வார். முதல் வேலை ஒரு பெரிய தாளில் கட்டம் போடுவதுதான். ஆட்சியாண்டு, அந்த ஆண்டில் அவள் தாங்கிய பட்டம், சிற்பத்தில் உள்ள உடை, அதற்கான சான்று என நான்கு பத்திகள். சான்றுப் பத்தி காலியாக உள்ள இடத்தில் மட்டும் கற்பனை ஓடட்டும்.

சோழர் கல்வெட்டு பார்த்தவர்களுக்கு ஆட்சியாண்டுக் கணக்கு பழக்கம்தான். ஆனால் இங்கே ஒரு கோணல். அவளுக்கென்று தனிக் கணக்கு கிடையாது. கணவனின் மகன் மூன்றாம் துட்மோஸ் சிறுவனாக அரியணை ஏறிய நாளிலிருந்து எண்ணிய ஆண்டுகளையே அவளும் எண்ணினாள். அவள் ஆட்கள் செங்கடல் வழியே தெற்கே புந்த் நாட்டுக்குப் போன வணிகப் பயணம் 9ஆம் ஆண்டு என்றால் அது இருவருக்கும் 9தான். சிறுவனை மூலையில் உட்காரவைத்துவிட்டு எழுத முடியாது.

அவள் எப்போது அரசரானாள்? அவளுடைய உயர் அதிகாரி செனன்முட்டின் பெற்றோர் கல்லறையில் கிடைத்த ஜாடிகளைப் பாருங்கள். ஒன்றில் 7ஆம் ஆண்டு என்ற குறிப்பு. ஒன்றில் 'தேவனின் மனைவி ஹட்செப்சுட்' என்ற முத்திரை. வேறு சிலவற்றில் 'நல்ல தேவி மாஅத்காரே', அதாவது அவளுடைய அரியணைப் பெயர். ஒரே பெண்ணின் பழைய பட்டமும் புதிய பட்டமும் ஒரே கல்லறைக்குள். ஓர் அத்தியாயத்துக்கு இது போதும்.

அடுத்த தலைவலி தமிழில்தான். எகிப்திய மொழியில் 'அரசி' என்பதற்குத் தனிச்சொல் இல்லை. அரசனின் மனைவி, அரசனின் தாய் என்றுதான் பட்டம். அதனால் முடிசூடியபின் யாராவது அவளை 'மகாராணி' என்று அழைத்தால் காட்சி அங்கேயே செத்துவிடும். 'அவர்' என்று மரியாதையாக எழுதித் தப்பிக்கலாம். சிக்கலோடு கதையும் மறைந்துபோகும். கதைசொல்லி கடைசிவரை 'அவள்' என்றே சொல்லட்டும், சபையோர் 'அரசே' என்று விளிக்கட்டும். அந்த உரசல் பக்கத்துக்குப் பக்கம் கேட்க வேண்டும்.

சில்லறைப் பிழைகள்: நாணயம் கிடையாது, விலையைச் செம்பு எடையில் சொல்லுங்கள் (ஒரு தெபென் சுமார் 91 கிராம்). ஒட்டகம் வேண்டாம், கழுதை போதும். மாதத்துக்கு 30 நாள், ஆண்டு முடிவில் கூடுதலாக 5.

கடைசியாக, பழிவாங்கல். அவள் இறந்தவுடன் துட்மோஸ் ஆத்திரத்தில் பெயர்களை அழித்தான் என்று முடிப்பவர்கள் அதிகம். அழிப்பு நடந்தது சுமார் 20 ஆண்டுகள் கழித்து. அத்தனை காலம் ஆறாத ஆத்திரம் என்றால் அதற்கு நாவலில் தனிக் காரணம் கட்ட வேண்டும். வாரிசுரிமைக் கவலை என்று வைத்தால் தானாகவே பொருந்துகிறது. உளிக்காரர்களும் வேலையை முழுதாகச் செய்யவில்லை. அவள் கட்டிய தெய்ர் எல்-பஹ்ரி கோயிலில் பெயரை மாற்றினார்கள், பல இடங்களில் பெண்பால் விகுதியை விட்டுவிட்டார்கள். 1829இல் அங்கே போன, எகிப்திய எழுத்தைப் படித்தறிந்த ஷம்போலியோன், சிற்பத்தில் தாடியோடு நிற்கும் அரசனுக்கு ஏன் பெண்பால் வினைச்சொல் என்று புரியாமல் குழம்பினார்.