எழுதியிருப்பதை வாசிப்போம்

நான் சொன்னது இவ்வளவுதான்: "நேரமில்லை, எழுதியிருப்பதை வாசிப்போம்." சத்தம் போடவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. ஆனாலும் போன வருஷத்திலிருந்து ரயிலுக்கு நிற்கும்போதெல்லாம் அந்த வாக்கியத்தைத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இத்தாலிய இசையமைப்பாளர் பெர்கோலேசியின் ஸ்தாபாத் மாத்தரில், அதாவது சிலுவையடியில் நிற்கும் மரியாளின் துயரத்தைப் பாடும் லத்தீன் பாடலில், நான்காவது பாட்டு, ஆல்ட்டோ என்கிற கீழ்க்குரல்காரர் தனியாகப் பாடுவது. நான் ஆர்கனில் உட்கார்ந்தபடியே நடத்துகிறேன், அதனால் வேகம் என் கையில். சிலுவையில் மகன் படும் பாட்டைப் பார்த்துத் தாய் துடிக்கிறாள் என்கிறது லத்தீன் வரி. இசையோ சோகமில்லாத ஈ ஃபிளாட் மேஜரில், இரண்டு எண்ணிக்கைத் தாளத்தில், மேலே அலெக்ரோ, அதாவது வேகமாக, என்று எழுதிக்கொண்டு வருகிறது. அதற்கு முந்தைய பாட்டு சோகமான ஜி மைனரில் மெதுவாக அழுது முடிந்திருக்கும். அது அடங்குவதற்குள் இது, எண்ணிக்கைக்கு நடுவில் எகிறுகிற ஸ்வரங்களோடு. முதல்முறை கேட்கிறவர்கள் நிகழ்ச்சித்தாளைப் புரட்டி, வேறு ஏதாவது ஆரம்பித்துவிட்டார்களா என்று பார்ப்பார்கள்.

போன வருஷ ஒத்திகையில் நான் நிமிடத்துக்கு 100 தட்டு என்ற வேகத்தில் ஆரம்பித்தேன். பாதியில் ஆல்ட்டோ பாடுவதை நிறுத்திவிட்டார். "அழுகிறவளைப் பற்றிப் பாடுகிறோம், எதற்கு இப்படி ஓடுகிறோம்?" என்றார். "அலெக்ரோ என்று போட்டிருக்கிறதே" என்றேன். அவர் இத்தாலிக்காரர். சிரித்துக்கொண்டே, "அது என் தாய்மொழி வார்த்தை. எங்கள் வீட்டில் அதற்கு வேகம் என்று அர்த்தமில்லை, சந்தோஷம் என்று அர்த்தம். சந்தோஷமாகப் பாடவா?" என்றார். இசையில் அது வேகத்தைத்தான் குறிக்கும் என்று இழுத்தேன். வயலின் வாசிக்கிறவர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான் அந்த வாக்கியம் வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, 100இலேயே பாடினார், பிசகில்லாமல்.

எழுதியிருப்பது என்றேனே, என்ன எழுதியிருக்கிறது? எண் கிடையாது. வேகத்தை எண்ணாகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவிக்கு மெல்ட்செல் என்பவர் காப்புரிமை வாங்கியதே 1815இல்தான், இந்த இசை 1736. ஜெர்மன் புல்லாங்குழல்காரர் குவான்ட்ஸ் 1752இல் வேகத்துக்குக் கணக்குச் சொன்னபோதுகூட நாடித் துடிப்பைத்தான் பிடித்துக்கொண்டார், நிமிடத்துக்குச் சுமார் 80, அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குஷியாக இருக்கிற மனிதனின் நாடி. ஆக 100 என்பது என் எண், பெர்கோலேசியின் எண் இல்லை. அது மட்டுமா, அதே ஒத்திகையில் முதல் பாட்டுக்கு கிராவே, அதாவது மிக மெதுவாக, என்று எழுதியிருந்தும், இழுத்தால் தூங்கிவிடுவார்கள் என்று நடக்கிற வேகத்தில் எடுத்தேன். அந்த எஃப் மைனரில் இரண்டு குரலும் பக்கத்துப் பக்கத்து ஸ்வரத்தில் உரசிக்கொண்டு ஏறுகிற இடத்தைக் கொஞ்சம் நிறுத்தி அனுபவித்திருக்கலாம், செய்யவில்லை. கடைசி ஆமென் பிரெஸ்டோ அசாய், அதாவது மிக மிக வேகம், அதை வயலின்களுக்காகக் குறைத்தேன். எழுதியிருப்பதை நான் மதித்தது அந்த ஒரே பாட்டில்தான், அதுவும் ஒருவர் கேள்வி கேட்ட பிறகு.

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. பெர்கோலேசி இதை எழுதியது நேப்பிள்ஸ் பக்கத்திலுள்ள பொட்ஸுவோலியில், காசநோய் முற்றிய நிலையில். 1736 மார்ச்சில் இறந்தபோது வயது 26. சாவு பக்கத்தில் நிற்கும்போது ஒருவர் துக்கத்துக்கு மேஜர் ஸ்வரத்தையும் துள்ளலையும் கொடுத்திருக்கிறார் என்றால், அதைத் திருத்த நாம் யார்? அந்த எகிறல்கள் நெஞ்சு படபடப்பதுபோலத்தான் எனக்குக் கேட்கின்றன; துடிக்கிறவள் மெதுவாகவா துடிப்பாள்? பாக் இதே இசையை எடுத்து பைபிளின் 51ஆம் சங்கீதத்தின் ஜெர்மன் வடிவத்தை அதில் ஏற்றினார், வார்த்தை மாறியும் இசை நின்றது. இன்னொரு பக்கம், இத்தாலிய இசை அறிஞர் பத்ரே மார்த்தினி 1774இல் குறைபட்டுக்கொண்டது ஏறக்குறைய இந்த ஆல்ட்டோ சொன்னதைத்தான்: இந்த ஸ்தாபாத் மாத்தரும் அதே ஆளின் நகைச்சுவை இடைநாடகமான லா செர்வா பத்ரோனாவும் ஒரே பாணி என்று. பெரிய ஆட்களே சண்டை போட்ட விஷயம், சரி. ஆனால் இதெல்லாம் எனக்கு அப்புறம் தேடிக் கிடைத்த நியாயம். ஒத்திகையில் என் மண்டையில் இருந்தது, எட்டு மணிக்கு அரங்கத்தைப் பூட்டிவிடுவார்கள் என்பது மட்டும்தான்.

இதோடு விட்டிருந்தால் மறந்துபோயிருக்கும். கச்சேரியன்று மூன்றாவது பாட்டு முடிந்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன், என்ன தோன்றியதோ, நான்காவதை 84இல் ஆரம்பித்துவிட்டேன். அவர் கேட்டதுபோல மெதுவாக. யாரிடமும் சொல்லவில்லை, ஒரு பரிசு கொடுப்பதுபோல. அவரோ 100க்கு மூச்சைக் கணக்குப் பண்ணிவைத்திருந்தார். ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய வரி நடுவில் உடைந்தது, அடுத்ததும் உடைந்தது. எகிற வேண்டிய ஸ்வரங்கள் சேற்றில் கால் வைத்ததுபோல அமுங்கின. செல்லோக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. முடிந்த பிறகு ஆல்ட்டோ கை கொடுத்து "நன்றி" என்றார். எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

அப்படியானால் 100தானே சரி என்று ஒரு நாள் தோன்றும். 84ஐ ஒத்திகையிலேயே கொடுத்திருந்தால் அதுவும் நன்றாக வந்திருக்கும் என்று மறுநாள் தோன்றும்.

இந்த வருஷமும் அதே படைப்பு, வேறு ஆல்ட்டோ. நான்காவது பாட்டு என்ன வேகம் என்று முன்கூட்டியே கேட்டு எழுதியிருக்கிறார், மூச்சுக்குக் குறித்துக்கொள்ள வேண்டுமாம். நான்கு நாளாகிறது, இன்னும் பதில் போடவில்லை.